ஒரு கட்டையில் இரு குரல்: டிஜிட்டல் பியானோவில் லேயரும் ஸ்பிளிட்டும்

டிஜிட்டல் பியானோவின் ஒரு கட்டையை அழுத்தினால் வழக்கமாக ஒரு டோன், அதாவது ஒரு கருவியின் குரல், மட்டுமே ஒலிக்கும். அதே கட்டையில் இரண்டோ அதற்கு மேலோ டோன்களைச் சேர்த்து ஒலிக்க வைப்பது லேயர். பியானோவுக்கு அடியில் ஸ்ட்ரிங்ஸ் மெல்லப் படர்ந்து வருவது இதனால்தான். கட்டை வரிசையை ஓரிடத்தில் பிரித்து, இடப்பக்கத்துக்கு ஒரு டோனும் வலப்பக்கத்துக்கு வேறொரு டோனும் கொடுப்பது ஸ்பிளிட். இடக்கையில் பேஸ் கிட்டார், வலக்கையில் பியானோ என்று ஒரே ஆள் இரண்டு பேராக வாசிக்க இது வழி செய்கிறது. லேயரை யமஹாவும் ரோலண்டும் தங்கள் பியானோக்களில் ‘டூயல்’ என்கின்றன. காசியோ ‘லேயர்’ என்றே சொல்கிறது. ‘ஸ்பிளிட்’ என்ற பெயரில் மட்டும் மூன்று நிறுவனங்களும் ஒத்துப்போகின்றன.

பல மாடல்களில் இரண்டு டோன் பொத்தான்களை ஒன்றாக அழுத்தினாலே லேயர் வந்துவிடும். கடையில் நின்று கேட்கும்போது அது பிரமாதமாக இருக்கும். வீட்டுக்கு வந்து ஒரு முழுப் பாட்டை வாசித்துப் பார்த்தால் ஒலி குழம்பும், மெல்லிய இடங்கள் மெல்லியதாக நிற்காது, சில சுரங்கள் பாதியில் அறுந்து போகும். சேர்க்கும் ஒவ்வொரு டோனும் பியானோவிடமிருந்து எதையாவது எடுத்துக்கொள்கிறது: அழுத்த வேறுபாட்டையோ, கட்டைகளின் எண்ணிக்கையையோ, கருவி ஒரே நேரத்தில் ஒலிக்கச் செய்யக்கூடிய சுரங்களின் அளவையோ. எது போகிறது என்று தெரிந்து சேர்ப்பவரின் கையில்தான் இந்த வசதி இசையாகிறது.

ஆர்கன் முதல் சிந்தசைசர் வரை

ஒருவரே பல குரல்களை ஒலிக்கச் செய்யும் ஆசை மின்சாரத்துக்கு மிகவும் முந்தியது. ஐரோப்பியத் தேவாலயங்களின் குழல் ஆர்கனில் ஒவ்வொரு குழல் வரிசைக்கும் ஒரு ஸ்டாப் உண்டு. ‘8 அடி’ என்று குறித்த ஸ்டாப்பை இழுத்தால் கட்டை தனக்குரிய சுரத்திலேயே ஒலிக்கும். அந்த வரிசையின் அடி சி-க்கான திறந்த குழல் ஏறத்தாழ 8 அடி நீளம் என்பதால் அந்தப் பெயர். 4 அடி ஸ்டாப் ஒரு ஸ்தாயி மேலே ஒலிக்கும், 16 அடி ஸ்டாப் ஒரு ஸ்தாயி கீழே. மூன்றையும் சேர்த்து இழுத்தால் ஒரு விரலுக்கு மூன்று குரல். இன்றைய பியானோவில் லேயரின் இரண்டாம் டோனுக்கு ‘ஆக்டேவ்’ என்று தனியாக ஓர் அமைப்பு இருப்பது இதே பழக்கத்தின் தொடர்ச்சி. லாரன்ஸ் ஹேமண்ட் 1935-இல் சந்தைக்குக் கொண்டுவந்த மின் ஆர்கனின் ஒன்பது இழுவைப் பட்டைகளையும் இந்த அடிக் கணக்கிலேயே குறிப்பது வழக்கமானது.

ஸ்பிளிட்டின் மூதாதை ஸ்பெயினில் இருக்கிறது. அங்கே கட்டப்பட்ட ஆர்கன்களில் ஒரே ஒரு கட்டை வரிசையையே இரண்டாகப் பிரித்து, நடு சி வரை ஒரு ஸ்டாப், அடுத்த சி ஷார்ப் முதல் வேறொரு ஸ்டாப் என்று அமைக்கும் முறை நிலைபெற்றது. ‘மெதியோ ரெஜிஸ்ட்ரோ’, அதாவது பாதி ஸ்டாப், என்று அதற்குப் பெயர். பிரான்சிஸ்கோ கொரெயா தெ அராவுக்ஸோ 1626-இல் வெளியிட்ட ‘ஃபகுல்தாத் ஓர்கானிகா’ தொகுப்பில் இந்த அமைப்புக்கென்றே எழுதிய உருப்படிகள் பல. ஒரு கை கூர்மையான ஸ்டாப்பில் தனி மெட்டு வாசிக்கும், மறு கை தணிந்த ஸ்டாப்பில் துணை நிற்கும். இங்கே கவனிக்க வேண்டியது, எல்லை எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டுதான் மெட்டே எழுதப்பட்டது என்பது. இன்று பெரும்பாலும் இது தலைகீழாக நடக்கிறது: பாட்டு முன்பே இருக்கிறது, எல்லையை அதற்குள் எங்காவது நுழைக்க வேண்டியிருக்கிறது. ஸ்பிளிட்டில் வரும் தொல்லைகளில் பாதிக்கு இதுவே காரணம்.

பாரிஸில் அலெக்சாந்த்ர் தெபேன் 1842-இல் காப்புரிமை பெற்ற ஹார்மோனியத்திலும் ஸ்டாப்கள் இடப்பாதி, வலப்பாதி என்று பிரிந்தே இருந்தன. பிரெஞ்சு ஹார்மோனியங்களில் எல்லை நடு சி-க்குச் சற்று மேலே, இ-க்கும் எஃப்-க்கும் இடையில். அந்தக் கருவி இந்தியாவுக்கு வந்து, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கல்கத்தாவின் துவாரகாநாத் கோஷ் போன்றவர்களின் கையில் உருமாறி, தரையில் உட்கார்ந்து ஒரு கையால் துருத்தியை அசைக்கும் பெட்டியானது. ஒரு கை துருத்திக்குப் போய்விட்டதால் இரு கைக்கான ஸ்பிளிட்டுக்கு அதில் வேலை குறைந்தது. லேயர் மட்டும் தங்கியது. இரண்டு, மூன்று வரிசை ரீடுகளைச் சேர்த்துத் திறக்கலாம். கப்ளர் உள்ள பெட்டியில் ஒரு கட்டையை அழுத்தினால் ஒரு ஸ்தாயி தள்ளியிருக்கும் கட்டையும் தானே இறங்கும். தமிழ்ப் பாடகர்கள் சுருதியை ‘ஒரு கட்டை’, ‘ஐந்தரைக் கட்டை’ என்று சொல்வது இந்தப் பெட்டியின் வெள்ளைக் கட்டைகளை சி-யிலிருந்து எண்ணும் கணக்குத்தான்.

மேடையில் இரு கைக்கு இரு ஒலி தேவைப்பட்டபோது முதலில் கிடைத்த வழி இரண்டு கருவிகளை வைத்துக்கொள்வது. லாஸ் ஏஞ்சலிஸில் 1965-இல் உருவான ‘தி டோர்ஸ்’ குழுவுக்கு மேடையில் பேஸ் கிட்டார்க்காரர் கிடையாது. அதன் கீபோர்டு கலைஞர் ரே மன்சாரக் ஆர்கனின் மேல் 32 கட்டைகள் மட்டுமே கொண்ட ஃபெண்டர் ரோட்ஸ் பியானோ பேஸை வைத்து, இடக்கையால் பேஸும் வலக்கையால் ஆர்கனும் வாசித்தார். இங்கிலாந்தில் 1960-களில் வந்த மெலட்ரானின் முதல் வகைகளில் 35 கட்டைகள் கொண்ட இரு வரிசைகள் பக்கம் பக்கமாகவே பொருத்தப்பட்டிருந்தன. இடப்பக்கம் தாளமும் துணையும், வலப்பக்கம் மெட்டு.

ஒரே கட்டை வரிசையில் இதெல்லாம் பொத்தானாக வந்தது சிந்தசைசர்களில். ரோலண்ட் 1981-இல் வெளியிட்ட ஜூபிட்டர்-8 எட்டுச் சுரங்களை ஒன்றாக ஒலிக்கும்; அதை முழுவதும் ஒரே டோனாகவோ, டூயலாகவோ, ஸ்பிளிட்டாகவோ வைக்கலாம். டூயலில் வைத்தால் எட்டு நாலாகிவிடும். கோர்க் 1988-இல் கொண்டுவந்த எம்1-இல் ‘காம்பினேஷன்’ என்ற பெயரில் எட்டு டோன்கள் வரை ஒன்றுசேர்க்கலாம். அதன் மொத்த ஒலிக்கும் திறன் 16. எட்டையும் ஒரே கட்டையில் அடுக்கினால் இரண்டு கட்டைகளோடு சரக்கு தீர்ந்தது.

உள்ளே நடப்பது

மின்னணு இசைக்கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள 1983-இல் நடைமுறைக்கு வந்த மிடி முறையில் ஒரு கட்டையை அழுத்துவது ஒரு சிறு செய்தி: எந்தக் கட்டை, எவ்வளவு வேகமாக இறங்கியது, எந்தச் சேனல். கட்டைகளுக்கு 0 முதல் 127 வரை எண்கள். நடு சி 60. முழுப் பியானோவின் 88 கட்டைகள் 21-இல் தொடங்கி 108-இல் முடிகின்றன. கருவிக்குள் ஒவ்வொரு டோனும் தனித்தனிப் பகுதியாக உட்கார்ந்து இந்தச் செய்திக்காகக் காத்திருக்கிறது. ஒவ்வொரு பகுதிக்கும் இரண்டு எண்கள் கொடுக்கப்பட்டிருக்கும்: எந்தக் கட்டையிலிருந்து, எந்தக் கட்டை வரை.

லேயரும் ஸ்பிளிட்டும் உள்ளே ஒன்றே என்பது இங்கே தெரியவரும். இரண்டு பகுதிகளுக்கும் 21 முதல் 108 வரை கொடுத்தால் லேயர். ஒன்றுக்கு 21 முதல் 54, மற்றதற்கு 55 முதல் 108 என்றால் ஸ்பிளிட். ஒன்றுக்கு முழு வரிசையும் மற்றதற்கு 55 முதலும் கொடுத்தால் மூன்றாவதாக ஒன்று பிறக்கிறது: கீழே பியானோ மட்டும், மேலே பியானோவும் ஸ்ட்ரிங்ஸும். வீட்டுப் பியானோக்களில் டூயல், ஸ்பிளிட் என்று இரு பொத்தான்களே இருப்பதால் இந்த மூன்றாவது வகை பலருடைய கண்ணில் படுவதில்லை. ஸ்டேஜ் பியானோக்களிலும் கணினி மென்பொருள்களிலும் அது தாராளமாகக் கிடைக்கிறது. மூன்றிலும் அதிகம் பயன்படக்கூடியது அதுவே. இடக்கை அடி ஸ்தாயியில் வாசிக்கும் கனத்த சுரங்களில் ஸ்ட்ரிங்ஸ் சேராமல் இருந்தாலே ஒலி பாதி தெளிந்துவிடும்.

எந்த ஜோடி சேரும்

பியானோவும் ஸ்ட்ரிங்ஸும் உலகெங்கும் முதலில் முயலப்படும் ஜோடி. தமிழ்நாட்டுத் தேவாலயங்களில் ஆராதனை நேரத்தில் பின்னணியில் ஓடுவது பெரும்பாலும் அதுதான். அது ஏன் சேர்கிறது என்பதைப் பார்த்தால் மற்ற ஜோடிகளைப் பற்றியும் முடிவெடுக்கலாம்.

நடு சி-யை ஒருமுறை அழுத்தி, விடாமல் பிடித்துக்கொண்டு கேட்க வேண்டும். சுத்தியல் தந்தியில் அடித்த கணத்திலேயே பியானோ ஒலி உச்சத்தைத் தொடுகிறது. தொட்ட உடனே இறங்கத் தொடங்குகிறது, முதலில் வேகமாக, பிறகு மெதுவாக. ஸ்ட்ரிங்ஸ் அதற்கு நேர் எதிர். வில் தந்தியைப் பற்றி இழுக்க நேரம் பிடிப்பதுபோல மெல்ல எழும். எழுந்த பிறகு விரலை எடுக்கும் வரை இறங்காது. ஆகவே முதல் கணம் முழுக்கப் பியானோவுடையது, அடுத்த கணங்கள் ஸ்ட்ரிங்ஸுடையவை. இரண்டும் ஒரே இடத்தில் நின்று முட்டிக்கொள்வதில்லை. ஒன்று விலகும் நேரத்தில் மற்றது நுழைகிறது. காது சுத்தியலின் தொடக்கத்தைக் கேட்டுவிட்டு, பின்னால் நீள்வதையும் அந்தச் சுரத்தின் வாலாகவே எடுத்துக்கொள்கிறது.

இதே அளவுகோலை வைத்தால், பியானோவோடு இன்னொரு கிராண்ட் பியானோவைச் சேர்ப்பது ஏன் ஏமாற்றம் தருகிறது என்பதும் விளங்கும். இரண்டும் ஒரே கணத்தில் எழுந்து ஒரே வகையில் இறங்குகின்றன. இரு அலைகளும் சில அதிர்வெண்களில் ஒன்றையொன்று பெருக்கும், சிலவற்றில் அழிக்கும். கேட்பது குழாய்க்குள்ளிருந்து வருவதுபோல் உள்ளீடற்ற ஒலி. கிராண்ட் பியானோவோடு எலெக்ட்ரிக் பியானோ நன்றாகவே சேரும். தொடக்கம் ஒத்திருந்தாலும் ஒன்றில் மரமும் கம்பியும், மற்றதில் மணிபோன்ற நாதம். ஆர்கனோடு ஸ்ட்ரிங்ஸ் சேர்த்தால் இரண்டும் இறங்காதவை; தொடக்கத்தைக் காட்ட எதுவும் இல்லாமல் தாளம் மங்கிவிடும். வீணை, சித்தார், கிட்டார் போன்ற மீட்டும் டோன்களுக்கு அடியில், மெல்ல எழுந்து நீளும் பேட் டோனைச் சேர்த்தால், பியானோவுக்குச் சொன்ன அதே காரணத்தால் பொருந்தும்.

ஒலியின் அளவில் பலர் தவறுவார்கள். பொத்தானை அழுத்தியதும் இரு டோன்களும் ஏறத்தாழச் சம அளவில் வருவதுண்டு. அதை அப்படியே விட்டுவிடுகிறார்கள். ஸ்ட்ரிங்ஸைத் தனியாகக் கேட்டால் போதாது என்று தோன்றும் அளவுக்குக் குறைப்பதே சரியான தொடக்கம். அதை நிறுத்தினால்தான் அது இருந்தது தெரிய வேண்டும்.

மேல் ஸ்தாயியில் வேறொரு சிக்கல் காத்திருக்கிறது. பியானோ தந்தி விறைப்பானது. அதனால் அதன் மேல் ஒத்திசைச் சுரங்கள் கணக்குப்படி வர வேண்டிய இடத்தைவிடச் சற்று ஏறி ஒலிக்கின்றன. இதற்கு ஈடுகொடுக்க, சுருதி கூட்டுபவர்கள் மேல் ஸ்தாயியைச் சிறிது ஏற்றியும் அடி ஸ்தாயியைச் சிறிது இறக்கியும் வைப்பார்கள். டிஜிட்டல் பியானோவின் பியானோ டோனும் பெரும்பாலும் அப்படியே பதிவாகியிருக்கும். ஸ்ட்ரிங்ஸும் ஆர்கனும் அப்படி இருக்க வேண்டியதில்லை. நடுப்பகுதியில் ஒட்டி நிற்கும் இரு டோன்கள் மேலே போகப் போகப் பிரிந்து அலையத் தொடங்குவது இதனால்தான். 440 ஹெர்ட்ஸும் 442 ஹெர்ட்ஸும் சேர்ந்தால் நொடிக்கு இரண்டு முறை ஒலி ஏறி இறங்கும். பேட் டோனில் அது அழகாகவே இருக்கும். ஆர்கனில் சுருதி விலகியது போலக் கேட்கும். மேலே ஏற்றி அடியில் இறக்கும் இந்தச் சுருதி நீட்டிப்பை நிறுத்தும் அமைப்பு சில கருவிகளில் உண்டு. பியானோவின் நடு, மேல் பகுதிகளில் ஒவ்வொரு சுரத்துக்கும் மூன்று தந்திகள் இருக்கின்றன, அவையும் அணுவளவு விலகியே நிற்கின்றன என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். விலகலே குற்றம் என்பதில்லை. பியானோவின் உயிரில் ஒரு பங்கு அந்த விலகல்தான்.

விரலும் பெடலும்

பியானோ டோன் விரலின் வேகத்தைக் கேட்கிறது. மெல்ல அழுத்தினால் மென்மை, ஓங்கி அடித்தால் கூர்மை. மிடியில் அந்த வேகம் 1 முதல் 127 வரையான எண். பல ஸ்ட்ரிங்ஸ் டோன்கள் இந்த எண்ணுக்குக் கொஞ்சமே செவிசாய்க்கும்; ஆர்கன் பெரும்பாலும் சாய்ப்பதே இல்லை. விளைவு, மென்மையாக வாசிக்க வேண்டிய சரணத்தில் பியானோ அடங்கிப்போகும், ஸ்ட்ரிங்ஸ் மட்டும் முன்போலவே நிற்கும். பாட்டின் ஏற்ற இறக்கம் தட்டையாகிவிடும். இதற்கு நல்ல மருந்து எக்ஸ்பிரஷன் பெடல். இரண்டாம் டோனை மட்டும் அந்தப் பெடலோடு கட்டிவிட்டால், பியானோ விரலுக்கும் ஸ்ட்ரிங்ஸ் காலுக்கும் கட்டுப்படும். பல்லவி முடிந்து இடையிசை எழும்போது கால் மெல்ல இறங்கினால், ஒரு வயலின் கூட்டமே எழுந்து வருவதுபோல் இருக்கும். பெடல் இணைப்பு இல்லாத கருவியில், லேயர் உள்ளது ஒன்றும் இல்லாதது ஒன்றுமாக இரண்டு அமைப்புகளைச் சேமித்து மாற்றிக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை.

விரலை எடுத்த பிறகும் சுரத்தை ஒலிக்க விடும் சஸ்டெயின் பெடல் இதைவிடப் பெரிய இடைஞ்சல். சி மேஜர் கார்டை வாசித்து, பெடலை விடாமல் எஃப் மேஜருக்குப் போனதாக வைத்துக்கொள்ளலாம். சி, இ, ஜி ஏற்கெனவே தேய்ந்துகொண்டிருப்பதால் பியானோவில் ஓரளவு பொறுத்துக்கொள்ளலாம். ஸ்ட்ரிங்ஸில் எதுவும் தேயாது. பழைய இ-யும் ஜி-யும் முழு பலத்தோடு நின்று, புதிய எஃப்-ஐ இரு பக்கமும் நெருக்கும். மூன்றாவது கார்டு வந்தால் எந்தச் சுரமும் தனியாகக் கேட்காது. பியானோவில் பழகிய கால் ஸ்ட்ரிங்ஸ் லேயரில் பழையபடி வேலை செய்யாது. ஒவ்வொரு கார்டுக்கும் துல்லியமாக எடுத்து வைக்க வேண்டும். இல்லையென்றால், அமைப்பு இருக்கும் கருவியில், இரண்டாம் டோனுக்குப் பெடல் போகாமல் நிறுத்திவிடலாம்.

அறுந்துபோகும் சுரங்கள்

கருவி ஒரே நேரத்தில் எத்தனை ஒலிகளை உண்டாக்க முடியும் என்பதே பாலிஃபனி. யமஹா பி-45 போன்ற தொடக்கநிலை பியானோவில் 64, பி-125-இல் 192. 256 கொண்டவையும் உண்டு. இருப்பது பத்து விரல்கள்தானே, 64 எதற்கு என்று தோன்றலாம். சில கருவிகளில் ஸ்டீரியோ டோனுக்கு ஒரு சுரமே இரண்டு ஒலியாகக் கணக்காகும். அதோடு இன்னொரு ஸ்டீரியோ டோனை லேயர் செய்தால் ஒரு கட்டைக்கு நான்கு. 64-ஐ நான்கால் வகுத்தால் 16 கட்டைகள். பெடலை அழுத்திக்கொண்டு நொடிக்கு நான்கு சுரம் என்ற மிதமான வேகத்தில் வாசித்தாலே நான்கு நொடியில் இடம் நிரம்பிவிடும். பதினேழாவது சுரம் வரும்போது கருவி ஒலித்துக்கொண்டிருப்பதில் ஒன்றை அறுத்து இடம் கொடுக்கும். பழையதை அறுப்பதா, மெல்லியதை அறுப்பதா, அடி ஸ்தாயிச் சுரத்தைக் காப்பாற்றுவதா என்ற தேர்வு கருவிக்குக் கருவி மாறும்.

வெளிக் கருவியோடு இணைத்து லேயர் செய்பவர்கள் இன்னொரு கணக்கையும் பார்க்க வேண்டும். பழைய ஐந்து முனை மிடி கம்பியின் வேகம் நொடிக்கு 31,250 பிட். ஒரு கட்டையின் செய்தி 30 பிட், அதாவது ஏறத்தாழ ஒரு மில்லிநொடி. பத்து விரல் கார்டை இரண்டு சேனல்களில் அனுப்பினால் முதல் சுரத்துக்கும் கடைசிச் சுரத்துக்கும் இடையே ஏறத்தாழ 20 மில்லிநொடி விழும். யுஎஸ்பி கம்பியில் இந்த நெரிசல் இல்லை.

எல்லைக் கட்டை

ஸ்பிளிட்டில் முதல் கேள்வி எங்கே வெட்டுவது என்பது. பல கருவிகள் நடு சி-க்குக் கீழே உள்ள எஃப் ஷார்ப்பைத் தாங்களாகவே எல்லையாக வைத்து வருகின்றன. 88 கட்டைகளில் அது இடப்பக்கம் 34, வலப்பக்கம் 54 என்று பிரிக்கும். 61 கட்டை கீபோர்டில் அதே எல்லை இடக்கைக்கு 19 கட்டைகளையே விடும்.

இந்த எஃப் ஷார்ப்பின் பெயரிலேயே ஒரு குழப்பம் இருக்கிறது. யமஹா நடு சி-யை ‘சி3’ என்று எண்ணுகிறது. ரோலண்டும் காசியோவும் ‘சி4’ என்கின்றன. ஒரு நிறுவனத்தின் குறிப்பேட்டில் ‘எஃப் ஷார்ப் 2’ என்பதும் மற்றொன்றில் ‘எஃப் ஷார்ப் 3’ என்பதும் ஒரே கட்டைதான். கருவி மாறும்போது எண்ணை நம்பி வைத்தால் எல்லை ஒரு ஸ்தாயி தள்ளிப் போய்விடும். எல்லைக் கட்டை எந்தப் பக்கத்துக்குச் சொந்தம் என்பதிலும் எல்லாக் கருவிகளும் ஒரே விதி வைத்துக்கொள்வதில்லை. ஒருமுறை அழுத்திக் கேட்டுவிடுவதே வழி.

கருவி கொடுத்த எல்லையை அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. பாட்டின் மெட்டு எவ்வளவு கீழே இறங்குகிறது என்று முதலில் பார்த்து, அந்தச் சுரத்துக்கு ஓரிரு கட்டை கீழே வெட்டுவது நல்லது. மெட்டின் ஒரே ஒரு சுரம் எல்லை தாண்டினாலும் புல்லாங்குழல் நடுவில் பேஸ் கிட்டாராக மாறிவிடும். கேட்பவர் அதை மறக்கமாட்டார். பாடகர் ஒரு கட்டை இறக்கிப் பாடும் நாளில் டிரான்ஸ்போஸ் பொத்தானால் மாற்றினால் விரல் இடம் மாறாது. கையாலேயே மாற்றி வாசிக்கும் பழக்கமுள்ளவர் எல்லையையும் சேர்த்து நகர்த்த வேண்டும். இது திறமையாளருக்கே வரும் ஆபத்து.

அடுத்தது ஸ்தாயி. நான்கு தந்தி பேஸ் கிட்டாரின் அடிச் சுரம் ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸ். 61 கட்டை கீபோர்டின் முதல் கட்டை 65 ஹெர்ட்ஸில் தொடங்குகிறது. அங்கே பேஸ் டோனை ஒரு ஸ்தாயி இறக்கினால்தான் உண்மையான அடிச் சுரங்கள் கிடைக்கும். அதேபோல, எல்லைக்கு வலப்பக்கம் போதிய கட்டை இல்லாத மெட்டு டோனை ஒரு ஸ்தாயி ஏற்றியோ இறக்கியோ கைக்கு எட்டும் இடத்துக்குக் கொண்டுவரலாம். 88 கட்டைப் பியானோவிலும் இந்த வசதி உடலுக்கு நல்லது: இரு கைகளும் ஒன்றோடொன்று இடிக்காமல், தோள் இறுகாமல் வாசிக்கலாம்.

பெடல் இங்கேயும் தலையிடும். வலக்கைப் பியானோவுக்காக மிதித்தால் இடக்கையின் பேஸ் சுரங்களும் நீண்டு ஒன்றின்மேல் ஒன்று ஏறும். பேஸின் உயிர் சுரம் தொடங்குவதில் எவ்வளவு இருக்கிறதோ அதே அளவு நிற்பதிலும் இருக்கிறது. இடப்பகுதிக்குப் பெடலை நிறுத்துவது ஸ்பிளிட்டில் முதலில் செய்ய வேண்டிய வேலை.

நம் இசைக்கு மிகப் பொருந்தும் ஸ்பிளிட் சுருதிதான். இடப்பகுதியில் தம்புரா டோன், அதில் ஷட்ஜமும் பஞ்சமமும். வலப்பகுதியில் புல்லாங்குழலோ நாதஸ்வரமோ. கமகத்துக்குப் பிட்ச் பெண்ட் சக்கரம் வேண்டும். அது கருவியின் இடக்கோடியில் இருக்கிறது. இடக்கை சக்கரத்துக்குப் போய்விட்டால் சுருதிக் கட்டைகளை யார் பிடிப்பது? இடப்பகுதிக்கு மட்டும் சஸ்டெயினை வேலை செய்ய விட்டு, சுருதியை ஒருமுறை அழுத்திப் பெடலில் பிடித்துக்கொண்டால் கை விடுபடும். பேஸ் ஸ்பிளிட்டுக்குச் சொன்னதற்கு இது நேர் எதிரான அமைப்பு. இன்னொன்றும் செய்ய வேண்டும். சக்கரத்தை அசைத்தால் வழக்கமாக இரு பகுதிகளும் சேர்ந்தே வளையும். சுருதியும் கமகம் பாடும். பகுதிவாரியாக வளைவின் அளவை வைக்கும் வசதி உள்ள கருவியில் இடப்பகுதிக்குப் பூஜ்யமும் வலப்பகுதிக்கு இரண்டு அரைச்சுரமும் வைத்தால் ஷட்ஜம் அசையாது. அந்த வசதி இல்லாத கருவியில் தனிச் சுருதிப் பெட்டியே மேல்.

தானாகவே துணையிசை (ஸ்டைல்) வாசிக்கும் அரேஞ்சர் கீபோர்டுகளில் இரண்டு எல்லைகள் இருக்கலாம்: ஒன்று டோன் மாறும் இடம், மற்றது இடக்கைக் கார்டைக் கருவி படித்துக்கொள்ளும் இடம். இரண்டையும் ஒன்றென்று நினைத்துக்கொண்டால் மெட்டின் கீழ்ச் சுரங்களைக் கருவி கார்டாக எடுத்துக்கொண்டு துணையிசையை வேறு கார்டுக்கு மாற்றிவிடும்.

ஸ்பிளிட்டின் உறவில் இன்னொன்று, யமஹாவின் ‘டுவோ’, ரோலண்டின் ‘ட்வின் பியானோ’, காசியோவின் ‘டூயட்’. நடுவில் வெட்டி, இரு பாதிகளிலும் ஒரே பியானோ டோனை ஒரே ஸ்தாயியில் வைக்கும். ஆசிரியருக்கு ஒரு நடு சி, மாணவருக்கு ஒரு நடு சி. ஆசிரியர் வாசித்ததை மாணவர் பக்கத்திலேயே அதே சுரத்தில் திரும்ப வாசிக்கலாம். மூன்று பெடல் உள்ள மாடல்களில் இடக்கோடிப் பெடல் இடப்பக்கத்தவரின் சஸ்டெயினாக மாறுவதும் உண்டு.

மேடையில்

மெல்லிசைக் கச்சேரியில் ஒரே கீபோர்டு கலைஞர் ஒரு இடையிசைக்குள் புல்லாங்குழல், வயலின் கூட்டம், மணியோசை என்று மூன்றையும் தர வேண்டியிருக்கும். ஒவ்வொன்றுக்கும் பொத்தான் தேட நேரம் இருக்காது. கட்டை வரிசையை மூன்றாகப் பிரித்து, மூன்றையும் பக்கம் பக்கமாக வைத்துக்கொள்வது ஒரு வழி. ஒவ்வொரு இசைத் துண்டும் ஒரு ஸ்தாயிக்குள் அடங்கினால் 61 கட்டைகளிலேயே அது சாத்தியம். அமைப்புகளைப் பாட்டுக்கு ஒன்றாகச் சேமித்து, வரிசைப்படி மாற்றுவது மற்றொரு வழி. முன்னதில் கட்டைகள் குறையும், பின்னதில் மாற்றும் கணம் ஆபத்து.

அந்தக் கணத்தில் பழைய கருவிகள் பல, ஒலித்துக்கொண்டிருந்த கார்டை அறுத்துவிட்டுப் புதிய டோனுக்குத் தாவும். 2011-இல் வந்த கோர்க் குரோனோஸ் போன்ற கருவிகளில், பிடித்திருக்கும் பழைய சுரங்கள் தங்கள் டோனிலேயே ஒலித்து முடியும். மாற்றிய பிறகு அழுத்தும் கட்டைகள் மட்டும் புதிய டோனில் பேசும். எல்லையைப் பற்றியும் சில தீர்வுகள் வந்திருக்கின்றன. 2017-இல் வந்த நார்டு ஸ்டேஜ் 3-இல் எல்லையைக் கத்தியால் வெட்டியதுபோல் வைக்காமல், ஒரு டோன் தேய்ந்து மற்றது வளரும்படி சில கட்டைகளுக்குப் பரப்பலாம். ஆப்பிளின் மெயின்ஸ்டேஜ் மென்பொருளில் வாசிக்கும் கை எங்கே போகிறது என்று பார்த்து எல்லையே சில கட்டைகள் நகர்ந்துகொடுக்கும். மெட்டு எதிர்பாராமல் இரண்டு சுரம் கீழிறங்கினாலும் அந்தச் சுரங்கள் வலக்கையின் டோனிலேயே ஒலிக்கும்.